மதகாத்தா வாய் மூடிய கதை

கல்லுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், கொத்தனார் வேலையில் இன்றைக்குள்ள சந்தேகம் ஏதும் கிடையாது. காக்கை பேசும், நண்டு பேசும், கல்லும் பேசும். ஒரு கல்லைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்னால் கொத்தனார் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எங்க நோவுது?" என்று கேட்பார். கல் சொல்லிவிடும். "இடது விலாவுல விரிசல் ஓட்டம் ஒண்ணு இருக்கு, அங்க பாரம் ஏத்தாத" என்று ஒன்று சொல்லும். "எனக்கு ஒரு குறையும் இல்ல, எங்க வேணும்னாலும் வை. அந்தச் செவப்புக் கல்லு பக்கத்துல மட்டும் வேண்டாம், ஓயாமப் புலம்பும்" என்று இன்னொன்று சொல்லும். கல் பொய் சொன்னதாக எந்த ஊரிலும் பேச்சில்லை.

தொந்தரவும் இல்லாமல் இல்லை. சாவடியில் வழக்கு நடக்கும்போது சுவர் குறுக்கே புகுந்து தீர்ப்புச் சொல்லும். பாலத்துக் கற்கள் மேலே நடந்து போகிறவர்களின் எடையை உரக்கப் பேசிக்கொள்ளும். கொஞ்சம் பருத்த உடம்புக்காரர்கள் மானத்துக்குப் பயந்து ஆற்றில் இறங்கியே கடந்தார்கள்.

மேற்கு மலையின் அடியில் ஒரு குளம் இருந்தது. குளம் என்று பெயர்தான். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. முதல்முறை பார்க்கிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறுவான். யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரைக்குக் கீழே ஏழு ஊர்கள் இருந்தன. ஏழு ஊருக்கும் தண்ணீர் விடுவது ஒரே மதகு. அந்த மதகின் வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு நீளமான உத்தரக்கல் கிடந்தது. கரையின் பாரம் முழுவதையும் இருநூறு வருஷமாக முதுகில் வாங்கிக்கொண்டிருந்தது அதுதான். ஊர் அதை மதகாத்தா என்று அழைத்தது.

இருநூறு வருஷத்தில் மதகின் பக்கச்சுவர்கள் இறங்கிவிட்டன. செப்பனிடச் சொல்லி அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. அதைக் கொண்டுவந்த அரண்மனைக் காரியக்காரர் நேரே வெயிலுகந்தான் வீட்டுக்குப் போனார். அந்தச் சீமையில் அரசாங்க வேலை என்றால் வெயிலுகந்தான்தான். அவர் கட்டிய களஞ்சியத்தில் எறும்பு நுழையாது, அவர் சொன்ன நாளில் வேலை முடியாமல் இருந்ததில்லை. அந்தப் பெயர்மேல் அவருக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. ஆசை யாருக்குத்தான் இல்லை.

"ஐப்பசி மழைக்கு முன்னால முடிஞ்சிருமா, கொத்தனாரே?" என்று காரியக்காரர் கேட்டார்.

"மழை வந்து பாத்து, திரும்பிப் போயிரும்" என்றார் வெயிலுகந்தான்.

கோடையில் குளத்தை வடியவிட்டு, மரக்கம்பம் நட்டு, வடம் கட்டி, நாற்பது பேர் சேர்ந்து மதகாத்தாளை வெளியே எடுத்தார்கள். கரைமேல் வைத்ததுதான் தாமதம், அவள் பேச ஆரம்பித்தாள். கரைக்கடியில் அவளுக்குப் பேச்சுத்துணை நண்டும் கெண்டையும்தான். நண்டுக்குத் தன் வளையைத் தவிர வேறு பேச்சு கிடையாது, கெண்டைக்குச் சொன்னது நினைவில் நிற்காது. ஆகவே இருநூறு வருஷத்துப் பேச்சு முழுவதும் உள்ளேயே தேங்கியிருந்தது. எந்த வருஷம் எத்தனை முழம் தண்ணீர் நின்றது, எந்த ஊர்க்காரன் அடுத்த ஊர்த் தண்ணீரைத் திருடினான், அவன் பாட்டன் யார் என்று மூன்று நாள் ஓயாமல் பேசினாள். ஆட்கள் சிரித்துச் சிரித்து வேலையை மறந்தார்கள்.

"ஆத்தா, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசேன்" என்றார் வெயிலுகந்தான்.

"எனக்கு எதுக்குலே மூச்சு? பேச்சுதாம்லே எனக்கு உசுரு. அத நிப்பாட்டச் சொன்னா நான் வெறுங்கல்லு" என்றாள் மதகாத்தா.

வெயிலுகந்தான் சிரித்துக்கொண்டே அவள் உடம்பைத் தடவி, "எங்க நோவுது?" என்று முறைப்படி கேட்டார்.

"நடுவுல ஒரு மயிரிழை ஓட்டம் இருக்கு. ரெண்டு பக்கமும் சமமாத் தாங்கினா இன்னும் ஆயிரம் வருசம் கிடப்பேன். ஒரு பக்கம் தூக்கிச்சுன்னா பொளந்துருவேன். அத மட்டும் பாத்துக்க."

பக்கச்சுவர்களை எழுப்பச் சுண்ணாம்பு வேண்டும். அது வெயிலுகந்தானின் மனைவி ஆவுடையின் வேலை. காளவாயில் சுட்ட சுண்ணாம்புக்கல்லைக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து, வெடித்து, நீறிப் பொடியாகும். கண்ணுக்கு எல்லாம் நீறியதுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே சில கட்டிகள் பிடிவாதமாகச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு கிடக்கும். அவையும் நீறி அடங்க ஒரு மாதம் குழியில் ஊற வேண்டும். அதன் பிறகுதான் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைப்பது. அவசரப்பட்டுச் சுவரில் வைத்தால், பின்னால் ஈரம் பட்டதும் அந்தக் கட்டிகள் விம்மிக்கொண்டு எழும்பும். சுண்ணாம்பு கல்லைத் தூக்கும் என்பது கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊறப்போட்ட பன்னிரண்டாம் நாள் மேற்கு மலையின் உச்சியில் கறுப்பு மேகம் வந்து உட்கார்ந்தது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

வெயிலுகந்தான் குழிக்கரைக்கு வந்தார். "ஏளா, எடுத்து அரைக்கச் சொல்லு."

ஆவுடை குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "இன்னும் சூடு அடங்கலங்க. அடியில கட்டி கிடக்கு."

"சல்லடையில சலிச்சுருவோம்."

"சலிச்சாப் பெருங்கட்டி போவும். சிறுசு போவுமா? காரியக்காரர்ட்டச் சொல்லுங்க. இந்த வருசம் குளம் பெருகாட்டாப் போவுது, குளத்துக்கு வர்ற வாய்க்கால உடைச்சுத் தண்ணிய ஓடைக்கு விட்டுருவோம்."

"விட்டா ஏழு ஊருலயும் நடவு இல்ல. அதுவுமில்லாம, வெயிலுகந்தான் முடிக்கலன்னு ஒரு பேச்சு வரும்."

ஆவுடை அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு காரணம் சொன்னாரே, அதில் எது பெரிய காரணம் என்று அவளுக்குத் தெரியும். அரைக்கப் போனாள்.

சுவர் எழுந்தது. மதகாத்தாளை வடம் கட்டி இறக்கினார்கள். இறக்கியதுமே அவள், "எலே வெயிலு, இடது பக்கம் கீழ சுடுதே" என்றாள்.

"புதுச் சுண்ணாம்பு, ஆத்தா. கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும்" என்றார் அவர். கொத்தனார் கல்லிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

கரையை மூடி மண் இட்ட ஐந்தாம் நாள் மழை இறங்கியது. அப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை. மலையில் நூறு அருவிகள் ஒரே சமயத்தில் இறங்கின. குளம் முதல் நாள் கால்வாசி, இரண்டாம் நாள் அரைவாசி, மூன்றாம் நாள் காலையில் கரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. ஏழு ஊர் சனமும் கரைமேல் வந்து நின்று பார்த்தது. மழைச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. யாருக்கும் பேசத் தோன்றவும் இல்லை. அவ்வளவு தண்ணீர் அவ்வளவு உயரத்தில் நிற்பதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

பொழுது உச்சிக்கு வரும் நேரம், மதகடியில் வளை போட்டிருந்த நண்டு பக்கவாட்டில் ஓடிவந்து வெயிலுகந்தானின் காலடியில் நின்றது.

"கொத்தனாரே, என் வீட்டுக் கூரை எழும்புது" என்றது.

அவர் கரையின் மறுபுறம் இறங்கி மதகு வாசலுக்குள் ஓடினார். ஈரம் உள்ளே போய்விட்டது. இடது சுவரின் மேல் வரிசையில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு விம்மித் தள்ளிக்கொண்டிருந்தது. மதகாத்தாளின் இடது முனை ஒரு நெல் அளவு மேலே தூக்கியிருந்தது. நடுவில் இருந்த மயிரிழை இப்போது நூலாகியிருந்தது. சுற்றியிருந்த சிறு கற்கள் எல்லாம் "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டிருந்தன.

"ஆத்தா, எங்க நோவுது?" என்றார்.

"நடுவுல. நான் சொன்னேம்லலே..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அவள் ஒவ்வொரு சொல் பேசும்போதும் அந்த நூல் அகன்றது. பேச்சின் அதிர்வில் விரிசல் ஒரு விரற்கடை கீழே இறங்கியதை வெயிலுகந்தான் கண்ணால் பார்த்தார். அவளும் அதை உணர்ந்தாள். பாதி வார்த்தையில் நிறுத்தினாள்.

வெயிலுகந்தான் அவள்மேல் இரண்டு கையையும் வைத்தார். "சுண்ணாம்பு ஊறல, ஆத்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன். சூடு இருக்கத்தான் செய்யும்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்." அவர் அழுதார். கரைமேல் நிற்கிற சனம் அவர் கண்முன் நின்றது. அவர் வீடும் கீழே முதல் ஊரில்தான் இருந்தது. சனத்தைக் கரையிலிருந்தும் ஊரிலிருந்தும் ஓட்டி மேட்டில் ஏற்றுவதற்கு ஒரு பகல் வேண்டும். விரிசல் இறங்கிய வேகத்தில் அரை நாழிகைகூட இல்லை.

மதகாத்தாளிடம் எதற்கும் ஒரு பதில் உண்டு. திட்டவும் தெரியும், ஆறுதல் சொல்லவும் தெரியும். இவருக்கு இரண்டுமே சொல்ல இருந்தன. இருநூறு வருஷத்துப் பேச்சில் அவள் சொல்லாமல் மிச்சம் வைத்ததும் எவ்வளவோ இருந்தது.

"நீ போயி சனத்த மேட்டுல ஏத்து" என்றாள். விரிசல் இன்னும் ஒரு விரல் இறங்கியது. "நான் வாய மூடிக்கிடுதேன்."

மூடிக்கொண்டாள். விரிசல் நின்றது.

ஆனால் பக்கத்துக் கற்களின் கூச்சல் அவள் உடம்பில் அதிர்ந்துகொண்டிருந்தது. வெயிலுகந்தானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது அவளுக்கு அடியில் இருந்த கல் முதலில் வாயை மூடியது. அதைப் பார்த்து அதன் பக்கத்துக் கல், பிறகு அந்த வரிசை, பிறகு மதகு முழுவதும். கரையின் அலைதடுக்கும் கற்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லாம் ஒரே மலையின் பிள்ளைகள். ஒன்றின் நோவு மற்றொன்றுக்குப் போகும். அந்த அமைதி கரையோடு ஓடி, பாலத்துக்குப் போய், சாவடிச் சுவருக்குப் போய், ஏழு ஊரின் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் போய், கடைசியில் மலைமேலே ஏறியது. மலையும் வாயை மூடியது. மழை பெய்துகொண்டேதான் இருந்தது. ஆனால் கரைமேல் நின்ற சனம் சட்டென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறந்த நாள் முதல் காதில் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோயிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்து அவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு வெயிலுகந்தான் ஓடிவந்து சொன்னதைக் கேட்டு மேட்டுக்கு நடந்தார்கள். குழந்தைகள்கூட அழவில்லை.

மழை ஏழு நாள் விடாமல் பெய்தது. கரையை முட்டிக்கொண்டு தண்ணீரும் ஏழு நாள் நின்றது. மேட்டில் ஏறாதவர்கள் வெயிலுகந்தானும் ஆவுடையும்தான். இருவரும் மதகு வாசலில் மாறி மாறி மதகாத்தாள்மேல் கையை வைத்தபடி நின்றார்கள். நின்றதால் அவளுக்கு ஒரு உதவியும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். எட்டாம் நாள் வெயில் அடித்தது. ஏழு ஊரில் ஒரு கூரைகூடப் போகவில்லை.

அந்த வருஷம் ஏழு ஊரிலும் நல்ல விளைச்சல். பங்குனியில் குளம் வடிந்ததும் வெயிலுகந்தான் முட்டுக்கொடுத்து, இடது சுவரைப் பிரித்தார். ஆவுடை அறுபது நாள் ஊறவைத்த சுண்ணாம்பைக் கொண்டுவந்தாள். ஒரு மாதம் போதும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சுவரைக் கட்டி, விரிசலுக்குள் அரைத்த சுண்ணாம்பை இறக்கி, அது இறுகும்வரை காத்திருந்து, கடைசியில் அவர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஆத்தா, எல்லாம் சரியாயிட்டு. இனிமே பேசலாம். எங்க நோவுது?"

பதில் இல்லை.

"திட்டவாவது திட்டு" என்றார்.

மதகாத்தா பேசவில்லை. பக்கத்துக் கல்லைக் கேட்டார், அடுத்த கல்லைக் கேட்டார், சாவடிக்கு ஓடிப் போய்ச் சுவரைக் கேட்டார். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. கோபமா, கொத்தனார்கள்மேல் நம்பிக்கை போய்விட்டதா, அல்லது சனம் கீழே இருக்கிறவரை பாரம் தாங்குகிறவள் பேசக்கூடாது என்று கற்கள் முடிவு செய்துவிட்டனவா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

திரும்பி வந்தார். அவள் இருக்கிறாளா இல்லையா என்றாவது தெரிய வேண்டுமே. கையிலிருந்த சுத்தியலால், தூங்குகிறவர் தோளைத் தொடுவதுபோல, மெல்லத் தட்டினார். காதைக் கல்லோடு வைத்தார். நல்ல இடத்தில் மணிபோலக் கணீரென்று கேட்டது. நடுவில் மட்டும், பழைய விரிசல் மேல், ஒரு மந்தமான ஓசை. எங்கே நோகிறது என்பதை அவள் சொல்லிவிட்டாள். பொய் சொன்னவருக்கும் பொய் சொல்லாமல் சொன்னாள். வெயிலுகந்தான் அந்தக் காதை வெகுநேரம் எடுக்கவில்லை.

அன்று முதல்தான் கல் பேசுவதில்லை. அன்று முதல்தான், பாலமோ அணையோ பழைய தாலுகா கச்சேரிக் கட்டடமோ, எதைச் செப்பனிடப் போனாலும் கொத்தனார் முதலில் கல்லைத் தட்டிக் காதை வைக்கிறார், ஓசை அடங்கிய பிறகும் ஒரு மூச்சு நேரம் காதை எடுக்காமல் இருக்கிறார்.