வேலியில் கிடந்த சிவப்பு

"தாயே, என் தாமரையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் கொற்றி.

கேட்டவள் சிஷ்யை. குரு சுமனைக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் நாகப்பட்டினத்து விகாரையில் அந்தப் பிக்குணிதான் எல்லோருக்கும் தாய்.

வைகாசிப் பௌர்ணமிக்குப் புத்தர் சிலையின் பின்னால் திரை மாட்டுவார்கள். ஊர் வேண்டாமென்று எறிந்த கந்தலில்தான் அதைத் தைக்க வேண்டும். கொற்றி தையலில் கைதேர்ந்தவள். குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணியை வெட்டி எட்டு இதழ்த் தாமரை தைத்திருந்தாள்.

ஏழு இதழும் வெளிறிக் கிடந்தன. எட்டாவது மட்டும், அடேயப்பா, என்ன சிவப்பு!

சுமனை அந்த இதழைத் தொட்டாள்.

"இது எங்கே அகப்பட்டது, அக்கா?"

"வேலியில கிடந்தது, தாயே."

"கிடந்துச்சா, காஞ்சுச்சா?"

கொற்றிக்குக் காது மடல்வரை சுட்டது.

குளத்தங்கரை வேலியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த தூளிச் சேலை அது. ஒரு முனைதானே என்று கத்தியை வைத்துவிட்டாள்.

"பிரிச்சுடறேன், தாயே. யாருக்கும் தெரியாம வேலியிலேயே போட்டுட்டு..."

சுமனை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

கொற்றி துண்டைப் பிரித்துக்கொண்டு நீலி வீட்டுக்குப் போனாள். சேலை அவளுடையது.

"நான்தான் வெட்டினேன்."

நீலி துண்டை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கொற்றி திரும்பி வந்தாள்.

"திரையில ஓட்டை விழுந்துருச்சே, தாயே. எதை வச்சு அடைக்க?"

"அப்படியே மாட்டுங்க."

"நாலு பேர் கேப்பாங்களே!"

"கேக்கட்டும். பதில் சொல்லத்தான் நீங்க இருக்கீங்களே."

பௌர்ணமியன்று கூட்டம் நெரிந்தது. கொற்றி வெட்கத்தில் கூனிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"இதென்னடி, இவ்வளவு அழகான தாமரையில ஒரு இதழைக் காணோம்?" என்றாள் ஒருத்தி.

பக்கத்தில் நீலி நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அவள் தூண் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இன்னும் தைச்சு முடியல, அவ்வளவுதான்," என்றாள்.

கொற்றி தூணை விட்டு வெளியே வந்தாள்.

"முடிஞ்சுருச்சும்மா," என்றாள். "அது நான் திருடின இடம்."