அடுப்பில் ஊற்றிய தண்ணீர்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய் என்றால் என் இரண்டு கண்ணும் இப்போதே அவிந்து போகட்டும்.

தேரிக்காட்டுப் பக்கம் ஞானாபரணம் ஐயா என்று ஒரு போதகர். போக்கிடம் இல்லாத கிழடுகளைச் சேர்த்துவைத்துக் கஞ்சி ஊற்றும் இல்லம் அவருடையது. அவருக்கு ஒரு சீடன், ஆபிரகாம்துரை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று ஊழியத்துக்கு வந்தவன். அவன் அல்லேலூயா சொன்னால் பக்கத்துத் தோப்பில் இளநீர் தானாக விழும். கடலுக்குப் போன வள்ளம், ஊரில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கரைக்குத் திரும்பியதும் உண்டு.

அந்த வருஷக் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில், துரை கிருபைக்கனி என்ற சர்க்கரை நோய்க்காரியின் தலையில் கைவைத்து ஜெபித்தான். கையோடு மேடையேற்றி, "சுகமாயிட்டேன்" என்று சாட்சி சொல்லவைத்தான். காணிக்கைப் பை நிரம்பியது.

மறுநாள் காலையில் அவள் வந்தாள்.

"பாஸ்டர், தலை சுத்துது. ஊசியைப் போட்டுக்கிடட்டுமா?"

"மேடையில சுகம்னு சொல்லிட்டு வீட்டுல ஊசி போட்டா, சாட்சி பொய்யாயிராதாம்மா?"

அவள் போடவில்லை. அந்த வாரமே செத்தாள்.

அடக்கத்தன்று மகள் ஜெயசீலி அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கம்மைக்கு விசுவாசம் பத்தலையா பாஸ்டர்? எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ."

"கல்லறையில பிரசங்கத்துல சொல்லுதேன்" என்று சமாளித்துவிட்டு துரை இல்லத்துக்கு ஓடிவந்தான். கஞ்சி நேரம். சமையற்கட்டுக்கு முன்னால் கிழடுகள் தட்டோடு உட்கார்ந்திருந்தன.

"ஐயா, நான் என்னத்தப் பிரசங்கம் பண்ண? கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு சொல்லிரட்டா?"

"அவரு எங்க எடுத்தாரு? நீயில்லா தூக்கிக் குடுத்த."

துரை அடுப்பைக் கைகாட்டினான்.

"ஊசியை நிறுத்தினது நான்தான்னு சொல்லிரலாம் ஐயா. அப்புறம் கூட்டத்துக்கு எவன் வருவான்? காணிக்கை எங்கிருந்து வரும்? இந்த அடுப்பு எரியாதே! எனக்காகவா பேசுதேன்? இந்தப் பாவப்பட்டதுகளுக்காகத்தானே!"

"அப்ப கிருபைக்கனிக்கு விசுவாசம் பத்தலைன்னே ஊரு பேசட்டும். அவ மகளும் சாகுற வரைக்கும் அதையே நம்பட்டும். அப்படித்தானே?"

"செத்தவளுக்கு என்ன ஐயா... இருக்கிறவங்களைப் பார்க்கணும்லா?"

ஐயா எழுந்தார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்கு அடியில், எரிகிற விறகின்மேல் அப்படியே கவிழ்த்தார். புஸ்ஸென்று புகை எழுந்து எல்லார் கண்ணையும் கரித்தது.

"எய்யா, அரிசி வேகலையே!" என்று ஒரு கிழவி கத்தினாள்.

"என்ன ஐயா பண்ணிட்டீங்க? இவங்க எதைச் சாப்பிடுவாங்க?"

"இந்த அடுப்புதானே உன் வாயை அடைச்சுது? அணைச்சாச்சு. போ துரை, அந்தப் பிள்ளை குழிப்பக்கத்துல நிக்குது."

துரை வேதப்புத்தகத்தைக்கூட எடுக்காமல் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து நடந்தான்.

இந்தா, இதை யார் சொன்னது என்று எவன் கேட்டாலும் மூச்சு விடாதீர்கள். அன்றைக்குத் தட்டோடு உட்கார்ந்து பட்டினி கிடந்தவர்களில் நானும் ஒருத்தன். இன்றைக்கும் எனக்கு அங்கேதான் கஞ்சி.