மயில்சாமி வீட்டுக்கு இன்னொரு தடவை

“இன்னும் எத்தனை தடவை இந்த மனுஷன் வீட்டுக்குப் போகணும்?” என்று கேட்டான் ஜெயசிங்.

“இன்னைக்கு ஒரு தடவை” என்றான் கொண்டபள்ளி.

அவ்வளவுதான் பதில். ஜெயசிங் டையைத் தளர்த்தினான். மறுபடி இறுக்கினான்.

இருவரும் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காக வீடு வீடாகப் போய் ஊழியம் செய்கிறவர்கள். ஜெயசிங் திருச்சிக்காரன், பத்தொன்பது வயது. ஊழியத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொண்டபள்ளி ராஜமுந்திரிக்காரன், அவனைவிட ஒரு வயது மூத்தவன். புதிதாக வருகிறவனுக்கு வேலை பழக்குவது அவன் பொறுப்பு.

சபை வழக்கப்படி இருவர் பெயருக்கும் முன்னால் ‘எல்டர்’ என்ற பட்டம் உண்டு. மூத்தவர் என்று அதற்கு அர்த்தம் சொன்னால், கோயம்புத்தூரில் எல்லோரும் அவர்கள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. அந்தக் கோலத்தில் சிங்காநல்லூர் வெயிலில் நடப்பார்கள்.

“லோன் குடுக்கறீங்ளா?”

“இல்லைங்க.”

“இன்சூரன்சா?”

“இல்லைங்க, நாங்க வந்து…”

“வேண்டாங்க.”

கூப்பிட்டு உட்கார வைக்கிற வீடுகளில் வேறு தொல்லை.

“காபி எடுத்துக்குங்க.”

“நாங்க காபி குடிக்கறதில்லைங்க.”

“அப்ப டீ போடட்டுமா?”

“டீயும் இல்லைங்க.”

“பின்ன எதுக்குங்க வந்தீங்க?”

அதற்கு ஜெயசிங் விளக்கம் சொல்வான். உடம்பு கடவுள் தங்குகிற இடம் என்பதில் ஆரம்பிப்பான். விளக்கம் முடிவதற்குள் அந்த வீட்டம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார். கொண்டபள்ளி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, “மோர் இருக்கா அக்கா?” என்பான். மோர் வரும்.

ஜெயசிங்குக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

பாடங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். எந்தக் கேள்விக்கு எந்த வசனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பழக்க வந்தவனோ ஒரு பாடமும் நடத்துவதில்லை. “எனக்குத் தமிழ் சரியா வராது” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவனை விட்டுத் தனியாகவும் போக முடியாது. ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக்கூடாது என்பது சட்டம். ஜெயசிங்குக்குக் கிடைத்த தனிமை குளியலறைக் கதவுக்குள் மட்டும்தான்.

துணி துவைக்கிற திங்கட்கிழமை ஒன்றில் அவன் கேட்டே விட்டான்.

“நீங்க எப்பதான் எனக்கு ஏதாவது கத்துக் குடுப்பீங்க?”

“இப்ப” என்றான் கொண்டபள்ளி. நனைந்த போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினான். “அந்தப் பக்கம் முறுக்குங்க.”

*

மயில்சாமி குட்டியானை ஓட்டுகிறவர். சாமான் ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டியில் ஒரு நாள் சபைக்கு நாற்காலி கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய நாற்காலிகளிலேயே ஒன்றில், கடைசி வரிசையில், உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, எழுந்து போகவில்லை.

“இங்க வர்றவங்க யாரும் குடிக்க மாட்டாங்களாமே, நெசமா?” என்று கேட்டார்.

“நிஜம்தாங்க.”

“எப்படீங்க?”

அப்படி ஆரம்பித்தது. அவர் கூப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று அவரே சொன்னார். அதற்கு முன் குடியை விட வேண்டும். விட்டுவிட்டேன் என்பார். சில நாள் நிற்கும். பிறகு ஒரு சாயங்காலம் எல்லாம் போகும்.

அவர் மனைவி வசந்தாமணிக்குப் பாடங்களில் அக்கறை இல்லை. “எந்தச் சாமியா இருந்தா என்னங்க, அவரு குடிய நிறுத்துனாச் சரி” என்பாள். இந்தத் தடவையும் நிற்காவிட்டால் பல்லடத்துக்கு அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

போன வாரம் மயில்சாமி முழங்கால் போட்டு அழுது ஜெபம் செய்தார். இனி தொட மாட்டேன் என்றார்.

நேற்று டாஸ்மாக் வாசலில் அவர் வண்டி நின்றதை இருவரும் பேருந்திலிருந்து பார்த்தார்கள்.

*

மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தவள் வசந்தாமணி.

“அவரு இல்லீங்க.”

உள்ளே யாரோ இருமினார்கள்.

“வெளிய போயிருக்காருங்க” என்றாள் மறுபடி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜெயசிங் கொண்டபள்ளியைப் பார்த்தான். கொண்டபள்ளி வாசலில் வரிசையாக இருந்த காலிக் குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாரக் கணக்கில் வராத தண்ணீர் அன்றைக்குக் கீழே குழாயில் வந்துவிட்டது. மாடிப்படி முழுக்க ஓட்டமும் சத்தமுமாக இருந்தது.

கொண்டபள்ளி டையைச் சட்டைக்குள் செருகினான். இரண்டு குடங்களை எடுத்தான்.

“ஐயோ, நீங்க எதுக்குங்க…” என்றாள் வசந்தாமணி.

“பாடம்?” என்று பல்லைக் கடித்தான் ஜெயசிங்.

“குடம்” என்றான் கொண்டபள்ளி. ஒன்றை அவன் கையில் கொடுத்தான்.

இறங்கினார்கள், நிரப்பினார்கள், ஏறினார்கள். ஜெயசிங்கின் ஷூவுக்குள் தண்ணீர் போய்விட்டது. ஒவ்வொரு படிக்கும் அது சளக் சளக் என்றது. குழாயடியில் நின்ற பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் காட்டிச் சிரித்தார்கள்.

“லோன் ஆபீசுல இப்ப தண்ணியும் கொண்டாந்து ஊத்தறாங்களாட்ட.”

மறுபடி இறங்கிக் குடங்களை நிரப்பி எடுத்தபோது பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. மயில்சாமி. கசங்கிய லுங்கி, சவரம் செய்யாத முகம். பக்கத்தில் வந்ததும் வாடை அடித்தது. கொண்டபள்ளியின் கையிலிருந்த நிறைகுடத்தை வாங்கித் தோளில் ஏற்றினார்.

“தோள்ல எப்படிண்ணா நிக்குது?” என்று கேட்டான் கொண்டபள்ளி.

“தலையச் சாச்சுக்கோணும். இப்படி.”

கொண்டபள்ளி இன்னொரு குடத்தைத் தோளில் ஏற்றித் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பாதித் தண்ணீர் அவன் முதுகில் கொட்டியது. மயில்சாமி சிரித்தார். கொண்டபள்ளியும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் ஜெயசிங்கால் தாங்க முடியவில்லை.

“நேத்துக் குடிச்சீங்களா?” என்றான்.

குழாயடி திரும்பிப் பார்த்தது.

“போன வாரம் எங்க முன்னாடி முழங்கால் போட்டீங்க. அழுதீங்க. இனிமே தொட மாட்டேன்னீங்க. ஒவ்வொரு தடவையும் இதே கதைதானா? கடவுள்கிட்டயே பொய் சொல்லுவீங்களா?”

குழாயின் கீழிருந்த குடம் நிரம்பி வழிந்தது. அதை நகர்த்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வரிசைக் கடைசியில் நின்ற ஒருத்தன் களுக்கென்று சிரித்தான்.

“சொல்லலாம்னுதான் தம்பி…” என்று ஆரம்பித்த மயில்சாமி நிறுத்திக்கொண்டார். குடத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். மாடிக்குப் போகவில்லை. செருப்புகூட இல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

வசந்தாமணி படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“குடிச்சாருங்க. நெசந்தான்” என்றாள். அவள் சத்தம் போடவில்லை. “ஆனா நேத்து வந்து அவரே சொன்னாரு. வசந்தா, இன்னைக்குக் குடிச்சுப்போட்டேன்னு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நானாக் கண்டுபுடிப்பேன், அவரு இல்லம்பாரு. தானா வாயத் தொறந்து சொன்னது நேத்துத்தானுங்க.”

ஜெயசிங் ஷூவைப் பார்த்தான்.

“உங்ககிட்டயும் எப்படிச் சொல்றதுன்னு காத்தாலருந்து உள்ளயே உக்காந்துட்டிருந்தாரு. அதுக்குள்ள நீங்க ஊருக்கே சொல்லிப்போட்டீங்க.” குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். “இனி இந்தப் படி ஏறாதீங்க.”

*

திரும்பி நடந்தார்கள்.

அறைக்கு வந்து சோறு வைத்தான். ரசம் வைத்தான்.

“உப்பு போதுமா?” என்று கேட்டான்.

“போதும்.”

ஜெயசிங் காத்திருந்தான். அடுத்த பேச்சு குடத்தைப் பற்றி வரும், மயில்சாமியைப் பற்றி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. தட்டுகளைக் கழுவும்போது வரவில்லை. ஜெபத்தில் வரவில்லை. மயில்சாமிக்காகவும் வசந்தாமணிக்காகவும் வேண்டிக்கொண்ட கொண்டபள்ளி, அதே குரலில் ஜெயசிங்குக்காகவும் வேண்டிக்கொண்டான். அதுதான் கூடுதலாக எரிந்தது.

மறுநாள் காலை இருவரும் மேசையின் இரண்டு பக்கத்திலும் வேதம் படித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டபள்ளி நிதானமாக ஒரு பக்கத்தைப் புரட்டினான்.

ஜெயசிங் புத்தகத்தைப் படாரென்று மூடினான்.

“ஏதாவது சொல்லுங்களேன்!”

“என்ன சொல்ல?”

“திட்டுங்க. நீங்கதானே எனக்குப் பழக்கணும்? வாயத் தொறந்து திட்டவாவது செய்யுங்க.”

“எதுக்கு?”

“நான் பண்ணது தப்புன்னு சொல்லுங்க!”

“சொல்லியாச்சே.”

“எங்க சொன்னீங்க? நேத்துலருந்து ஒரு வார்த்தை சொல்லலை நீங்க!”

“நான் இல்லை. நீங்க சொன்னீங்க. இப்ப.”



கொண்டபள்ளி எழுந்துபோய் ஷூ மாட்டினான்.

*

வழியெல்லாம் ஜெயசிங் மனதுக்குள் பேசிப் பார்த்தான். முதலில் வருத்தம். பிறகு மன்னிப்பைப் பற்றி ஒரு வசனம். கடைசியில் மறுபடி முயற்சி செய்யச் சொல்லி ஓர் அழைப்பு. பாடம் நடத்த அவனுக்குக் கற்பித்திருந்த வரிசை அது.

“இப்படிச் சொன்னா சரியா வருமா?” என்று எல்லாவற்றையும் ஒப்பித்துக் காட்டினான்.

“தெரியலை.”

“அப்ப நீங்க பேசறீங்களா?”

“எனக்குத் தமிழ் சரியா வராதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உங்ககிட்ட” என்றான் கொண்டபள்ளி, சரியான தமிழில்.

குடியிருப்பு வந்தது. ஜெயசிங் மாடிப்படியின் அடியில் நின்றுவிட்டான்.

“ஏறாதீங்கன்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“என்ன பண்றது?”

கொண்டபள்ளி கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

ஜெயசிங்கும் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. ஏறி இறங்குகிறவர்களுக்கெல்லாம் இருவரும் ஒதுங்கி வழி விட்டார்கள். நேற்றுச் சிரித்த பெண் ஒருத்தி, இன்றைக்குச் சிரிக்காமல் தாண்டிப் போனாள். ஜெயசிங் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பித்துக்கொண்டான். வருத்தம், வசனம், அழைப்பு.

மயில்சாமி வண்டிச் சாவியோடு இறங்கி வந்தார். இவர்களைப் பார்த்து நின்றார்.

இருவரும் எழுந்தார்கள்.

“நேத்து இங்கிருந்து போயும் குடிச்சேன்” என்றார் மயில்சாமி. “நீங்க கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன்.”

ஜெயசிங்குக்கு வருத்தம் மறந்தது, வசனம் மறந்தது.

“மன்னிச்சிடுங்கண்ணா” என்றான்.

மயில்சாமி சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“சரி. நாளைக்கும் குடிச்சுப்போடுவனோ என்னமோ. எனக்கே தெரியாதுங்க தம்பி. அப்ப என்ன பண்ணுவீங்க?”

ஜெயசிங் கொண்டபள்ளியைத் திரும்பிப் பார்த்தான். கொண்டபள்ளி வாசலில் நின்ற குட்டியானையின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

“கோபம் வரும்ணா” என்றான் ஜெயசிங்.

“ம்.”

“நேத்து மாதிரி வரக்கூடாதுன்னு நினைக்கிறேன். ஆனா நாளைக்கும் வரும். இப்பவே கொஞ்சம் இருக்கு.”

மயில்சாமி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“வசந்தா! ரெண்டு பேரு மேல வர்றாங்க.”



மூன்று பேரும் அண்ணாந்தபடியே நின்றார்கள்.

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.