வேம்படியான் செத்து நடித்த கதை

நாடகம் எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டால் படித்தவர்கள் ஆளுக்கொரு ஊரைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்கள். துடைக்கட்டும். நாடகம் பிறந்தது சாம்பிராணிப்பட்டியில். அதிலும் ஆள் செத்து ஊரே அழுகிற வகை நாடகம் இருக்கிறதே, அது பிறந்தது வேம்படியானுக்கு மூச்சு வாங்கியதால்.

சாம்பிராணிப்பட்டியில் வருஷா வருஷம் பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் வாசலில் ஓர் ஆட்டைக் கட்டிவைத்து, அதைச் சுற்றிப் பதினைந்து ஆம்பிளைகள் நின்று ஒரே குரலில் பாடுவார்கள். நன்றாகப் பாடுகிறவனுக்கு அந்த ஆடு பரிசு. பதினைந்து பேரும் ஒரே குரலில் பாடினால் எவன் நன்றாகப் பாடினான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஆட்டை அவிழ்த்துவிடுவார்கள். ஆட்டுக்கு இப்போது பன்னிரண்டு வயது. எல்லாப் பாட்டும் அதற்கு மனப்பாடம்.

அந்தப் பதினைந்து பேரில் கடைசி ஆள்தான் வேம்படியான். நாற்பத்தெட்டு வயது, கட்டை மீசை, வம்புதும்புக்குப் போகாத மனுஷன். ஆனால் மூச்சு குறைச்சல். மற்றவர்கள் ஓர் அடியைப் பாடி வாயை மூடின பிறகுதான் இவனுக்கு அந்த அடியின் வால் வரும். அந்த வருஷம் பாட்டில் "இந்த நாட்டுக்கு ராசா யாரடா" என்று ஓர் அடி. அடுத்தது "நான்தானடா". பதினான்கு பேரும் இரண்டையும் முடித்துவிட்டு எச்சில் விழுங்கினார்கள். சத்தம் சுத்தமாக அடங்கின பிறகு வேம்படியான் மட்டும் தன்னந்தனியாக, "நான்தானடா!" என்றான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நாட்டாமை கருத்தப்பாண்டி பதறி எழுந்து தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். முன்னால் இருந்த நாலு பேர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

வேம்படியானின் பெண்டாட்டி சீனியம்மாதான் வாயைத் திறந்தாள். "ஏங்க, இதை வீட்ல ஒரு வார்த்தை சொல்லலையே?"

வழக்கமாகப் பாட்டு தொடங்கினதும் தூங்கிவிடுகிற ஜமீன்தார் அன்றைக்கு விழித்துக்கொண்டார். "அட! ஒருத்தன் தனியா நின்னு பேசினா நல்லாத்தான்யா இருக்கு! அடுத்த வருஷம் முழு நாடகமாப் போடுங்க. ஆனா ஒண்ணு, என் கண்ணு நனையணும். நனைஞ்சா உங்க கண்மாய்க்கு மடையைத் திறந்துவிடுறேன். நனையலையா, தண்ணியை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

கண்மாய் காய்ந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. ஆக, நாடகம் போட்டே ஆகவேண்டும். நாடகம் என்றால் என்ன? அது ஒருத்தருக்கும் தெரியாது. மொக்கையன் என்பவனை டவுனுக்கு அனுப்பி, ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். கண்டதைக் கண்டபடி சொல்வான், சொந்தமாக ஒன்றும் யோசிக்கமாட்டான் என்று அவனுக்கு ஊரில் நல்ல பேர்.

மொக்கையன் ஈர வேட்டியோடு திரும்பி வந்தான். ஊர் கூடியது.

"ஒருத்தன் வந்து ராசா மாதிரி நின்னான்" என்றான் மொக்கையன். "அவனுக்கு ஆகாதவன் ஒருத்தன் வந்தான். ரெண்டு பேருக்கும் பேச்சு முத்திப்போச்சு. ஆகாதவன்கிட்ட மரக்கத்தி, மேல வெள்ளித்தாள் ஒட்டினது. அதால லேசா ஒரு தொடு தொட்டான். ராசா செத்துட்டாரு. என்னா அழுகைங்கிறீங்க! நானும் தேம்பித் தேம்பி அழுதேன்."

"அப்புறம்?" என்றார் நாட்டாமை.

"அப்புறம் என்ன? சாவுன்னு ஆயிட்டா சொல்லிக்காமத்தானே கிளம்பணும்? எந்திரிச்சேன், ஆத்துல மூணு முங்கு போட்டேன், வந்துட்டேன்."

வேம்படியான் முன்னால் நகர்ந்து வந்தான். "செத்தவரு என்ன ஆனாரு, மொக்கையா?"

"செத்தவரு என்ன ஆவாரு? கேக்கறான் பாரு கேள்வி!"

ஊரே சிரித்தது. வேம்படியான் மட்டும் சிரிக்கவில்லை.

"ராசா யாருன்னு கேட்டப்ப 'நான்தான்'னு சொன்னது யாருப்பா?" என்று நாட்டாமை ஆரம்பித்தார்.

"ஐயா, அது எனக்கு மூச்சு வாங்கினதுங்க!"

"மூச்சுத் தொல்லைதானே? இனிமே அதுவும் இருக்காது."

சீனியம்மா குறுக்கே வந்தாள். "அவரு போயிட்டா எங்க வயலுக்கு யாரு தண்ணி பாச்சுவா?"

"அவன் போகலைன்னா பாச்சுறதுக்குத் தண்ணியே இல்லையே, ஆத்தா."

சீனியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அதுவும் நியாயந்தான். எத்தனை மணிக்குன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிப்புடுங்க. சோறு வடிக்கவா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். பாவம், சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கத்தான் செய்தது.

அடுத்து, ராசாவுக்கு ஆகாதவன் ஒருத்தன் வேண்டும். வேம்படியானுக்கு ஊரில் ஆகாதவர் ஒரே ஒருத்தர்தான். சீனியம்மாவின் அண்ணன் சங்கையா, பாடுகிற பதினைந்து பேரில் அவரும் ஒருத்தர். ஏழு வருஷத்துக்கு முன்னால் வேம்படியான் மகள் கல்யாணத்தில், பந்தியில் சங்கையா இலையில் மட்டும் ரசத்துக்கு முன்னாடி மோரை ஊற்றிவிட்டார்கள். மனுஷன் இலையை மடித்துவிட்டு எழுந்தவர்தான். அன்றைக்கு அறுந்த பேச்சு. வேம்படியானுக்கோ மச்சான் என்றால் உசிரு. ஏழு வருஷமாக அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தரம் இருமிப் பார்ப்பான். 'வா' என்றுகூட வேண்டாம், 'போ' என்றாவது ஒரு சொல் சொல்லமாட்டாரா? மச்சான் மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக நிறுத்தி ஒத்திகை தொடங்கினார்கள். ஒரு நாழிகை ஆனது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எப்படிப் பேசுவார்கள்? கடைசியில் சங்கையா பக்கத்தில் நின்ற மொக்கையனைப் பார்த்து, "டேய், இந்த ஆளு கதையை இன்னைக்கு முடிக்கப்போறேன்னு சொல்லு" என்றார்.

மொக்கையன் இரண்டடி நடந்து, "உங்க கதையை முடிக்கப்போறாராம்" என்றான்.

"முடிஞ்சா முடிச்சுப் பாக்கச் சொல்லு" என்றான் வேம்படியான்.

நாட்டாமை தொடையைத் தட்டினார். "டவுன்ல எத்தனை பேருடா பேசினாங்க?"

"ரெண்டே பேரு."

"நம்மகிட்ட மூணு! டவுன்காரனைத் தூக்கிச் சாப்பிட்டுட்டோம்டா!"

மிச்சமிருந்த பதின்மூன்று பேரும் ராசா செத்ததும் பாடவேண்டிய ஒப்பாரியைப் பழகினார்கள். தான் போன பிறகு கேட்க முடியாதே என்று வேம்படியான் தினமும் முன்னால் வந்து உட்கார்ந்து கேட்பான். கேட்டு அவன்தான் அதிகமாக அழுதான். ஒரு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டே கையைத் தூக்கினான். "தேக்கு மரம் சாஞ்சதேன்னு பாடுறீங்களே, நான் அவ்வளவு உசரம் இல்லையேப்பா. முருங்கைன்னு மாத்துங்க. செத்தும் ஒரு பொய் எதுக்கு?" மாற்றினார்கள்.

நாள் நெருங்க நெருங்க அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரவல் வாங்கின கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்தான். ஆட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பன்னெண்டு வருஷமா நீ எப்படித்தான் தப்பிக்கிறே?" என்று கேட்டான். அது அவன் துண்டின் ஓரத்தைத் தின்றது.

பங்குனிப் பொங்கல் வந்தது. பொழுது சாயும் நேரம், ஜமீன்தார் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வேம்படியான் முகத்தில் அரிதாரம் பூசி, தலையில் அட்டைக் கிரீடத்தோடு நின்றான். சங்கையா வெள்ளித்தாள் கத்தியோடு வந்தார். நடுவில் மொக்கையன்.

"இவன் நாள் முடிஞ்சுதுன்னு சொல்லு."

"முடிஞ்சுதாம்."

"சீக்கிரம் ஆகட்டும், ராசாவுக்குக் கால் வலிக்குதுன்னு சொல்லு."

சங்கையா கத்தியால் லேசாகத் தொட்டார். வேம்படியான் கண்ணை இறுக்கி மூடி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு காத்திருந்தான். பதின்மூன்று பேரும் வாயைத் திறந்து, நெஞ்சில் அடிக்கக் கையை ஓங்கித் தயாராக நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. வேம்படியான் ஒரு கண்ணைத் திறந்தான்.

"மொக்கையா, இன்னும் சாவு வரலைன்னு சொல்லு."

"வரலையாம்."

சங்கையா இன்னொரு தரம் தொட்டார். கொஞ்சம் அழுத்தியும் தொட்டார்.

"கூசுதுன்னு சொல்லு."

"கூசுதாம்."

கத்தி இரண்டாக முறிந்தது. சங்கையா முறிந்த இரண்டு துண்டாலும் மாறி மாறித் தொட்டார். வேம்படியான் மூச்சை அடக்கிப் பார்த்தான். அதுதான் அவனுக்கு நாலு நொடிக்கு மேல் நிற்காதே! "முயற்சி பண்றேன்னு சொல்லு, மனசுல ஒண்ணும் நினைக்கவேண்டாம்னு சொல்லு" என்று திணறினான். ஒப்பாரிக்காரர்களுக்கு வாய் உலர்ந்துபோனது. ஒருத்தர் மூடினார், மற்றவர்கள் முறைத்ததும் திரும்பத் திறந்தார்.

ஜமீன்தார் நாற்காலியில் இருந்து நழுவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கண்ணில் இருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"எசமான் அழுறாருடோய்!" என்று நாட்டாமை கத்தினார். "வேம்படியா! மானத்தை வாங்காதே, சீக்கிரம் செத்துத் தொலை!"

"நானா மாட்டேங்கிறேன்? வரமாட்டேங்குதே!" என்று வேம்படியான் அழாக்குறையாகச் சொன்னான்.

சங்கையாவுக்குப் பொறுமை போய்விட்டது. கத்தித் துண்டுகளை வீசி எறிந்தார். மொக்கையனைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். வேம்படியானுக்கு நேரே வந்து நின்று, ஊரே அதிரும்படி, "செத்துத் தொலையேண்டா, மாப்ளே!" என்றார்.

வேம்படியான் உறைந்துபோனான். ஏழு வருஷம்! 'மாப்ளே' என்று சொல்லிவிட்டாரே! அவனுக்கு நெஞ்சு விம்மியது. "மச்சான்..." என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, வேரோடு பிடுங்கின முருங்கையாகச் சாய்ந்தான்.

ஒப்பாரி கிளம்பியது பாருங்கள், மூணு ஊருக்குக் கேட்டது. சீனியம்மா கதறினாள். சங்கையாவும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஜமீன்தார் கண்ணைத் துடைக்க மாட்டாமல் கையை ஆட்ட, அவர் ஆட்கள் ஓடிப்போய் மடையைத் திறந்தார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது.

உடனே ஊர் மொத்தமும் ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, வந்த தண்ணீரில் மூணு முங்கு போடப் போனது. கோயில் வாசலில் வேம்படியானும் ஆடும்தான் பாக்கி. வேம்படியான் மெல்ல எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். சாவுக்கு வந்துவிட்டு முங்காமல் வீட்டுக்குப் போகலாமா? அவனும் கண்மாய்க்குப் போய் இறங்கினான். பக்கத்தில் மொக்கையன் முங்கி எழுந்தான்.

"நல்ல சாவு, இல்லே?" என்றான் மொக்கையன்.

"ஆமாப்பா, அருமையான சாவு" என்றான் வேம்படியான்.

ஜமீன்தார் முன்னிலையில் செத்ததை மாற்ற முடியாது என்று நாட்டாமை தீர்ப்புச் சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் விருந்தில் வேம்படியான் முதல் பந்தியில் உட்கார்ந்து, துக்கம் விசாரித்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னான். ரசத்துக்குப் பிறகுதான் மோர் ஊற்றினார்கள். "மச்சான், பாத்தீங்களா, வரிசை சரியா இருக்கு!" என்று எதிர் இலையைப் பார்த்து ஆசையாகச் சொன்னான்.

சங்கையா மொக்கையன் பக்கம் திரும்பினார். "செத்தவனோட எவனாவது பேசுவானா? சொல்லுடா அந்த ஆளுகிட்ட."

மறு வருஷம் ஜமீன்தார் அதே நாடகம்தான் வேண்டும், அதே ஆள்தான் சாகவேண்டும் என்று ஆள் அனுப்பினார். ஊர் கூடி ஒரு முழு நாள் யோசித்தது.

"செத்தவன் மறுபடி எப்படிங்க சாவான்?" என்றான் மொக்கையன்.

"பொறந்தாத்தான் சாகமுடியும்" என்றார் நாட்டாமை. "முதல்ல அவனைப் பொறக்க வைப்போம்."

"பொறந்த பிள்ளைக்குக் காது குத்தாம சாகவிட்டா சாமிக் குத்தம் ஆயிடுமே!" என்றாள் சீனியம்மா.

"எனக்கு முன்னமே குத்தியிருக்கே?" என்றான் வேம்படியான்.

"அது போன பிறவி ஓட்டை."

ஆகவே அந்த வருஷம் நாடகத்தின் முதல் காட்சியில், பதின்மூன்று பேரும் தாலாட்டுப் பாட, கட்டை மீசையும் மொட்டைத் தலையுமாக வேம்படியானைத் தூக்கி வந்து, ஊரிலேயே தாய்மாமன் வேலையில் பழக்கப்பட்ட ஆள் என்று சங்கையா மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். வேம்படியான் வீல் என்று கத்தி, இத்தனை வருஷம் எட்டாத மச்சான் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

சங்கையா மூச்சு முட்ட மொக்கையனைப் பார்த்தார்.

"டேய், குழந்தையைக் கொஞ்சம் லேசா உக்காரச் சொல்லுடா."