பாம்பு மாதிரி டயர்

ஆலங்காட்டுக் குளம் கோடை வந்தால் வற்றிப்போகும். கரையில் மருதமரத்தடி ஒன்றுதான் குளுகுளுவென்று இருக்கும். அந்த நிழலுக்காக அடிதடி வரக்கூடாது என்று மிருகங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. அந்த மரத்தடியில் புறப்பட்டு, குளத்தைச் சைக்கிளில் இரண்டு சுற்று சுற்றி யார் முதலில் வருகிறார்களோ, கோடை முழுக்க நிழல் அவர்கள் குடும்பத்துக்கு.

கீரி துடியனுக்கு இந்த வருஷம் எப்படியும் ஜெயித்தாக வேண்டும். போன கோடையில் அவன் குட்டிகள் வெட்டவெளியில் கிடந்து, உள்ளங்கால் கொப்பளித்து அழுதன.

டயர் வாங்க, மருதமரத்துக்குப் பக்கத்திலேயே இருந்த முள்ளம்பன்றி சில்லான் கடைக்குப் போனான். காட்டில் பஞ்சர் ஒட்டுகிறவன் சில்லான் ஒருவன்தான். பாதிப் பஞ்சர் அவன் முதுகாலேயே ஆகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய்யும் இல்லை.

சில்லான் நடுத்தரமான டயர் ஒன்றை எடுத்துக் காட்டினான். துடியன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பாம்பைத் துரத்தியே பிழைத்தவன் அல்லவா? மெலிசாக இருப்பதுதான் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் என்பது அவன் கண்ட ஞானம். பச்சைப்பாம்பு கணக்காக ஒல்லியாக இருந்த டயரை எடுத்து, கல்லாகும்வரை காற்றடிக்கச் சொன்னான். வழியில் சரளையும் முள்ளும் கிடக்கிறதே என்று சில்லான் இழுத்தான். உன் வேலையைப் பார் என்று துடியன் அவன் வாயை அடைத்துவிட்டான்.

போட்டிக்கு வந்து நின்றவன் மயில் அலங்காரம். அவன் சைக்கிளுக்கு உருண்டு திரண்ட தடி டயர். போதாக்குறைக்குத் தோகை வேறு. அடிக்கிற காற்று மொத்தத்தையும் இவனே சுமக்கப் போகிறான் என்று துடியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பந்தயம் தொடங்கியது. வழியில் முதலில் வந்த மொட்டைப் பாறையில் துடியனைப் பிடிக்க ஆளில்லை. பாறை முடிந்து சரளை இறக்கம் வந்தது பாருங்கள், அப்போது ஆரம்பித்தது வேடிக்கை. சைக்கிள் எகிறி எகிறிக் குதித்தது. பல்லெல்லாம் கடகடத்தது. திருப்பத்தில் டயர் சறுக்கி ஆள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். எழுந்து மிதித்தால் கருவேல முள் ஏறிப் புஸ்ஸென்று போனது. அலங்காரம் ஆடி அசைந்து அவனைத் தாண்டிப் போனான்.

முதல் சுற்றை எப்படியோ முடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தபோது குட்டிகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. துடியனுக்கு அழுகை முட்டியது. நடுவில் டயர் மாற்றத் தடையில்லை. ஆத்திரத்தில், இருப்பதிலேயே தடியானதைக் கொடு என்றான்.

அவன் மனைவி செவந்தி குறுக்கே வந்தாள்.

"இத்தனை பாம்பைக் கழுத்தைப் பிடிச்சீங்களே, ஒருநாளாவது அதோட வயித்தைப் பாத்தீங்களா? மெலிசுதான். ஆனா வயிறு பூரா தரையிலதான் கிடக்கு. தரையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அது ஓடுது."

துடியன் தடி டயரை ஒதுக்கித் தள்ளினான். பிறகு, "சில்லான், முதல்ல ஒண்ணு காட்டினியே, அதையே மாட்டுப்பா" என்றான்.

அந்த டயர் சக்கரத்தின் விளிம்போடு விளிம்பாகப் பொருந்தி உட்கார்ந்தது. சில்லான் காற்றையும் அளவாக அடித்தான். தூரத்துப் பாறையில் அலங்காரம் இன்னும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இந்தச் சுற்றில் பாறைமேல் துடியன் முன்போலப் பறக்கவில்லை. ஆனால் சரளையில் டயர் லேசாக அமுங்கிக் கொடுத்துத் தரையைப் பிடித்துக்கொண்டது. முள்ளையும் தாங்கியது. கடைசி நேர்வழியில் எதிர்காற்று. தடி டயரையும் தோகையையும் இழுக்க முடியாமல் அலங்காரத்துக்கு மூச்சு வாங்கியது. துடியன் தலையைக் குனிந்து மிதித்தான். மருதமரத்தை அவன் மூக்குதான் முதலில் தொட்டது.

அன்று மத்தியானம் குட்டிகள் நிழலில் காலை நீட்டித் தூங்கின. தோகையைச் சுருட்டி வைத்துக்கொண்டால் நீயும் வரலாம் என்று துடியன் அலங்காரத்தைக் கூப்பிட்டான். அவனும் வெட்கப்படாமல் வந்து உட்கார்ந்தான்.

காற்றை ஜெயித்தால் போதும் என்று நினைக்கிறவன் தரையில் தோற்றுப்போவான், போகிற வழி முழுவதையும் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறவனே நினைத்த இடம் போய்ச் சேருவான்.