வழுக்காத ஷூ

குணவதி மாஸ்டரிடம் கால்பந்து பழகும் போலீஸ்காரிகளில் மூத்தவள் பெல்சியா. மாஸ்டரைவிடவே ஐந்து வயது பெரியவள். மைதானத்துக்குள் வந்துவிட்டால் இவள் அவளை "மாஸ்டர்" என்பாள். அவள் இவளை "அக்கா" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள். புழுதி அடங்க வழக்கம்போல லாரித் தண்ணீர் அடித்திருந்தார்கள். கோல் கம்பத்துப் பக்கம் சேறு, நடுவில் கட்டாந்தரை. தண்ணீர் அடிக்கிறவனுக்கு அவ்வளவுதான் பொறுமை.

பெல்சியா ஒரு சாக்குப் பை நிறைய ஷூக்களோடு வந்தாள்.

"கடை போடப் போறீங்களா அக்கா?"

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். நாளைக்கு எதைப் போடறதுன்னு தெரியல. ஸ்டேஷன்ல ஆளாளுக்கு ஒண்ணைக் கொடுத்துவிட்டாங்க."

போன வருட இறுதி ஆட்டத்தில் அவளுடைய வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. இன்னொரு தடவை கிழிந்தால் அப்புறம் கால்பந்தை டி.வி.யில் பார்க்கலாம் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார்.

முதலில் கிரிக்கெட் ஷூ வெளியே வந்தது. அடியில் இரும்பு முள்.

"இது பந்து போடறவ ஓடி வந்து கால் ஊன்றதுக்கு. அங்கே பக்கத்துல ஆள் கிடையாது. இதோட இங்கே ஒருத்தியை மிதிச்சீங்கன்னா உங்க ஸ்டேஷன்லயே உங்க மேல கேஸ்."

அடுத்தது ஹாக்கி ஷூ. அடி முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டு.

"இது செயற்கைப் புல்லுக்கு. இந்தச் சேத்துல எண்ணெய் தடவின தோசைக்கல்லுல நிக்கிற மாதிரி இருக்கும்."

"எல்லா ஆட்டத்துக்கும் ஒரே ஷூன்னு இருந்தா என்னவாம்?"

"கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சேலையிலயா போறீங்க?"

மிச்சம் இரண்டு ஜோடி. இரண்டுமே கால்பந்துக்கானவை. ஒன்றின் அடியில் குமிழ்கள் நீளம், மற்றதில் குட்டை. பெல்சியா நீளத்தைக் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்தாள்.

"எனக்கு இதுதான் மாஸ்டர். போன வருஷமும் இதுதான் போட்டேன். அட்டை மாதிரி பிடிக்கும். எவ்வளவு ஈரத்துலயும் இம்மி வழுக்காது."

"போட்டுக்கிட்டு அந்தச் சேத்துல நில்லுங்க."

நின்றாள். மாஸ்டர் பின்னால் போய்த் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். தோள் திரும்பியது. இடுப்பு திரும்பியது. பாதம் மட்டும் புதைந்த இடத்திலேயே இருந்தது.

"ஐயோ, விடுங்க மாஸ்டர்! முட்டி!"

மாஸ்டர் விட்டாள்.

"இப்ப குட்டையைப் போடுங்க."

மறுபடி அதே தோள், அதே கை. இந்தத் தடவை தோளோடு பாதமும் திரும்பியது. திரும்பிய வேகத்தில் கொஞ்சம் சறுக்கி, பெல்சியா சேற்றில் உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா! இதுக்குத்தான் வேண்டாங்கிறேன். நாளைக்கு எஸ்.பி. மேடம் முன்னாடி இப்படி விழுந்து வைக்கவா?"

"விழுங்க."

"என்ன மாஸ்டர், வாய்க்கு வந்தபடி சொல்றீங்க! வழுக்குதுங்கிறேன்!"

மாஸ்டர் குனிந்து சேற்றுக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"போன வருஷம் நீங்க வழுக்கவே இல்லையே, அக்கா."