உஷ்ண உடம்புக்கார வண்டி

கரட்டுப்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லுவார்கள். சுத்தப் பொய். எங்களிடம் வேண்டிய மட்டும் அறிவு இருக்கிறது. எடுத்துச் செலவழிக்கத்தான் மனசு வராது. அப்படிச் சேர்த்து வைத்தவர்களில் முதல் ஆள் சென்னியப்பன்.

சென்னியப்பன் பழைய வண்டி ஒன்று வாங்கினான். பாறைமேல் ஏறுவதற்கென்றே செய்த டூ ஸ்ட்ரோக் பைக். நின்றுகொண்டே ஓட்டுவதால் அதில் சீட்டே கிடையாது. வண்டி ஊருக்குள் வந்த அன்றைக்கு அவன் கூட்டாளிகள் நாச்சிமுத்து, ராக்கியண்ணன், துரைக்கண்ணு மூன்று பேரும், வழியில் விழுந்த சீட்டைத் தேடிக்கொண்டு வெகுதூரம் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில் சென்னியப்பனுக்குக் கௌசல்யாவைப் பேசியிருந்தார்கள். அவனுக்கு அவள் மேல் உசுரு. ஆனால் வண்டியைப் பார்த்ததிலிருந்து பெண்ணின் அப்பா வேலப்பனுக்கு மனசு சரியில்லை.

"ஏம் மாப்ள, சீட்டே இல்லாத வண்டியில எம்பொண்ணு எங்க உக்காருவா?"

"நின்னுக்கலாமுங்க மாமா."

சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்கும். கௌசல்யா கண்ணைக் கசக்கியதால் வேலப்பன் ஒரு வழி சொன்னார். "ஞாயித்துக்கெழம ஆமைக்கரட்டுல பாறை ஏறுற பைக் போட்டி நடக்குதில்ல, தாம்பூலத் தட்டோட வந்து நிக்கறேன். காலை ஊணாம உச்சிக்கு ஏறிட்டீன்னா அங்கியே தட்டு மாத்திக்கலாம். இல்லீன்னா இந்தப் பேச்சை இத்தோட உட்ரலாம்."

சென்னியப்பன் ஏறிவிடுவான். ஓட்டுவதில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வண்டியிடம் இருந்தது. கொஞ்ச நேரம் ஓட்டினாலே இட்லிப் பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிடும்.

நான்கு பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ராக்கியண்ணன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"காச்சல் இல்லடா. இது உடம்புச் சூடு."

"எப்புடிச் சொல்ற?"

"காச்சல்னா நடுங்கோணும்."

"நடுங்குதே?"

"அது ஓடிக்கிட்டிருக்குது. நிறுத்திப் பாரு."

நிறுத்தினார்கள். நடுக்கம் நின்றது. வண்டிக்கு உஷ்ண உடம்பு என்று தீர்மானமாயிற்று.

உஷ்ண உடம்புக்கு வைத்தியம் தெரியாத ஆள் எங்கள் ஊரில் உண்டா? ரேடியேட்டரில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இளநீர் ஊற்றினார்கள். ஊறவைத்த வெந்தயம் ஒரு பிடி போட்டார்கள். ரேடியேட்டரின் முகத்தில் காற்றுப் புகுந்து போவதற்கென்று வரிவரியாக இடுக்குகள் இருக்குமே, அதில் துரைக்கண்ணு நல்ல கெட்டிச் சந்தனமாக அரைத்து ஓர் இடுக்கு விடாமல் அப்பினான். "பாக்கறப்பவே நமக்கே குளுகுளுன்னு இருக்குது" என்றான் நாச்சிமுத்து.

வண்டி முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது. வெந்தயம் வெந்த வாசம் தெருவெல்லாம் வந்தது.

"சந்தனம் பத்தலை" என்றான் துரைக்கண்ணு. இன்னொரு பூச்சுப் போட்டார்கள். வண்டி மூச்சு முட்டி நின்றது.

சென்னியப்பன், 'நாம முட்டாள்னு நமக்கே தெரியும். ஆனா முட்டாள்னு தெரிஞ்சவன் முழு முட்டாள் இல்லியே' என்று தன்னையே தேற்றிக்கொண்டான். அந்தத் தெம்பில் கோயமுத்தூர் மெக்கானிக் ஸ்டீபனுக்குப் போன் போட்டான். கூட்டாளிகள் போனைச் சுற்றிக் காதை வைத்தார்கள்.

இளநீர், வெந்தயம் என்று விவரத்தைக் கேட்ட ஸ்டீபன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. "உள்ள இருக்கறதைக் கொட்டி அலசிட்டு நல்ல தண்ணி ஊத்துங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், சூடா இருக்கறப்ப மூடியத் தொறந்துறாதீங்க. மூஞ்சி வெந்துரும். நல்லா ஆறுன பொறகுதான் தொறக்கோணும்."

"சூடா இருக்கறப்ப மூடியத் தொறக்கக் கூடாது" என்று நான்கு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள். அலசி முடித்த கையோடு புதுச் சந்தனமும் பூசினார்கள். ஸ்டீபன் சந்தனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அவருக்கும் அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தாற்போல் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "வண்டிக்கடியில அட்டை விரிச்சு வெய்யுங்க. எங்க நனையுதோ அதுக்கு நேர் மேல ஓட்டை."

அழுக்கு வண்டியை வைத்தால் அட்டை பாழாகிவிடும் என்று முதலில் குளிப்பாட்டினார்கள். அப்புறம் அட்டைமேல் நிறுத்தினார்கள்.

"எல்லா எடமும் நனையுதுங்ணா. வண்டி முழுக்க ஓட்டைங்ணா."

ஸ்டீபன் மூச்சை இழுத்து விட்டார். "சரி, அதை உடு. தண்ணி ஊத்தறப்ப உள்ள காத்து அடைச்சிருக்கும். காத்தை வெளியேத்துங்க."

இரண்டு டயரிலும் காற்றை இறக்கினார்கள். புஸ்ஸென்று அது போவதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இத்தனை காத்தை வயித்துல வெச்சுக்கிட்டு அது என்ன பாடுபட்டுதோ" என்று நாச்சிமுத்து கண்கலங்கினான். ஸ்டீபனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் திரும்பவும் காற்றடித்தார்கள்.

சனிக்கிழமை ஸ்டீபன் கடைசியாகக் கேட்டார். "ரேடியேட்டருக்குப் பின்னால சின்ன ஃபேன் இருக்குதில்ல, அது ஓடுதான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார்கள். வண்டி ஆறியிருந்தபோது ஃபேன் சும்மா இருந்தது. சூடேறியதும் சுற்ற ஆரம்பித்தது. ராக்கியண்ணன் முகம் இறுகியது.

"புரியுதாடா? இவன் சும்மா இருக்கறப்ப வண்டி சில்லுனு இருக்குது. இவன் சுத்தறப்பெல்லாம் கொதிக்குது."

"அப்ப சூட்டுக்குக் காரணம்?"

"கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான்."

சென்னியப்பனுக்கு எங்கேயோ இடித்தது. மூன்று பேர் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது தனக்கு மட்டும் இடிக்கிறதே என்று வெட்கப்பட்டு, ஃபேன் ஒயரைத் தன் கையாலேயே அறுத்தான்.

"ஃபேன் தொல்லை தீந்துதுங்ணா" என்று சென்னியப்பன் போனில் சொன்னான்.

"சாமிகளா, இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க. வண்டியச் சூடாக்காம எப்புடியாச்சும் உச்சிக்குக் கொண்டு போயிருங்க, போங்க!" என்று கத்திவிட்டு ஸ்டீபன் வைத்துவிட்டார்.

"பாத்தியா, பெரிய மெக்கானிக்குன்னா பெரிய மெக்கானிக்குத்தான். எல்லாத்தையும் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு" என்றான் துரைக்கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை ஆமைக்கரட்டில் நல்ல கூட்டம். வேலப்பன் வெற்றிலை, பழம், சந்தனக் கிண்ணம் வைத்த தட்டோடு உச்சிக்கே போய் நின்றுகொண்டார். பக்கத்தில் கௌசல்யா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கீழே நடுவர் மைக்கில் விதியைச் சொன்னார். "ஓட்டுறவர் கால் தரையில படக்கூடாது. ஹெல்மெட் போடாம யாரும் போட்டிப் பாதைக்குள்ள வரக்கூடாது. அவ்வளவுதான்."

சென்னியப்பன் கிக்கரில் காலை வைத்தான். நாச்சிமுத்து பாய்ந்து வந்து தடுத்தான்.

"ஸ்டார்ட் பண்ணுனா சூடாயிருமேடா!"

"பண்ணலைன்னா எப்புடி ஏறும்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் குனிந்து வண்டியைத் தூக்கினார்கள். சென்னியப்பன் ஃபுட்ரெஸ்ட்டில் நின்றபடியே இருந்தான்.

கொளுத்துகிற வெயிலில் வண்டி சாமி சப்பரம் மாதிரி ஆடி ஆடிப் பாறையில் ஏறியது. சத்தமில்லாவிட்டால் மாமா நம்பமாட்டார் என்று சென்னியப்பன் வாயாலேயே டுர்ர்ர் என்று ஓட்டினான். மேடு வந்தபோது கியர் மாற்றினான். கூட்டத்தில் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். நடுவர் விதியைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அதில் எஞ்சின் என்ற பேச்சே இல்லை.

உச்சியில் வேலப்பன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். மோர்ப்பானை மாதிரி சில்லென்று இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"இத்தனை உசரம் ஏறியும் சூடே இல்லியே! கால் ஊணுலை, புகையும் இல்லை. மாப்ள, நானே தப்பா நெனச்சுட்டேன். எடுங்க தட்டை!"

சென்னியப்பனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கௌசல்யா அவன் பக்கம் வந்து, "எறங்கறப்ப நானும் வரட்டுங்களா? நின்னுக்கறேன்" என்றாள்.

அப்போதுதான் காலடியிலிருந்து முனகல் கேட்டது. வண்டியைச் சுமந்த மூன்று பேரும் பாறையில் சாய்ந்து கிடந்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து புஸ்புஸ்ஸென்று மூச்சு வந்தது.

"வேகுதுடா... இதைக் கழட்டி உடுங்கடா" என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் ஓடிப்போய் ஹெல்மெட்டைத் தொட்டான். தோசைக்கல்லாகச் சுட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"கழட்டக் கூடாதுடா! சூடா இருக்கறப்ப மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்!"

மூன்று பேரும் ஹெல்மெட்டுக்குள்ளேயே இதை யோசித்துப் பார்த்தார்கள்.

"ஆமாமா, மறந்தே போனேன்" என்றான் நாச்சிமுத்து. "நல்லவேளை சொன்ன. ஆறட்டும், இருக்கறோம்."

"பாவம், உஷ்ண உடம்பு போல" என்று வேலப்பன் உச்சுக்கொட்டினார். தாம்பூலத் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் குந்தினார். ஹெல்மெட்டில் காற்று வரும் துவாரங்களை ஒன்றுவிடாமல் தேடித் தேடி, கெட்டியாக அப்ப ஆரம்பித்தார்.